சுத்துது, புடிக்கல

காலை நாலேகால்.
தண்டையார்பேட்டை, நேதாஜி நகர்.
தொண்ணூற்றேழு மாடல் மாருதி எண்ணூறு
சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது,
கிர்கிர்கிர்ரென்று நன்றாகவே சுற்றுகிறது,
பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது.

ஐந்து மணிக்குள் காசிமேட்டில் ஏலம்.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில்
நான்கு தெர்மோகோல் பெட்டிகள்
வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

எதிர் மாடியிலிருந்து கலீல் இறங்கி வந்தான்,
மூலக்கொத்தளத்தில் கடை வைத்திருக்கிறவன்,
இன்னும் பல் துலக்காதவன்.
"இன்னொருக்கா அடிங்கக்கா."
அடித்தேன்.
"பேட்டரி இல்ல. பேட்டரி போயிருந்தா இப்டி கத்தாது."
சோக்கை இழு என்றான், இழுத்தேன்.
தள்ளு என்றான், தள்ளினேன்.
கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கித்
தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டுச் சுற்றச் சொன்னான்.
விக்கலெடுத்த பிள்ளை பால் கக்குவது போல
விட்டு விட்டு விழுந்தது பெட்ரோல்.

மணலிப் பக்கமிருந்து வரும் காற்றிலும் இதே வாசனைதான்.
எது காருடையது எது ஊருடையது என்று
இங்கே மூக்கை நம்பிச் சொல்ல முடியாது.
அதற்குத்தான் பாட்டில்.

அதைத் தூரமாகத் தள்ளி வைத்துவிட்டு
ஒரு பிளக்கைக் கழற்றினான். நனைந்திருந்தது.
துடைத்து, வயரில் மாட்டி, என்ஜின் உடம்பில் சாய்த்து,
"இப்போ."
இருட்டில் நீலமாக ஒரு பொட்டு தெறிக்க வேண்டும்.
கலீலின் முகத்தில் எதுவும் தெறிக்கவில்லை.

காயிலில் டெஸ்ட் லேம்ப் வைத்தான். எரியவில்லை.
ஃபியூஸைத் தெருவிளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான்.
கம்பி முழுசு.
பிறகு செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு, வெளியே எடுத்து,
"இது கம்பெனி வயர் இல்லியேக்கா" என்றான்.

நீல வயர். கருப்பு டேப்.
சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
விசைப்படகுக்கு வயரிங் பார்க்கிறவனின் சுற்று அது.
உப்புக்காற்று நுழையாமல் மூன்று அடுக்கு,
முடிவில் கத்தி தேடாமல் பல்லால் கடித்த தடம்.

இன்னாசி. என் தம்பி.
காரைக் கொடுத்தபோது முப்பதாயிரம் என்றான்.
இருபது தந்தாயிற்று என்றேன்.
பதினெட்டு என்றான்.
அந்த இரண்டாயிரத்துக்கு இரண்டு வருஷம்.
அம்மாவின் வருஷப் பூசையில்கூட
ஆளுக்கொரு பக்கத்துப் பெஞ்சு.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.
பின்னால் ஐஸ் உடைக்கிற மிஷின்.
அக்கா என்று சொல்லவில்லை, யாரென்றும் கேட்கவில்லை.
"இன்னா, வண்டியா?"
"சுத்துது. புடிக்கல."
"ஆஷ்ட்ரேய கழட்டினியா?"

நேற்றுதான் கழற்றினேன்.
இரண்டு வருஷமாகக் கிடந்த அவன் பீடிச் சாம்பலை
நேற்றுதான் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன்.
அதைச் சொல்லவில்லை.

"அதுக்குப் பின்னாடி கைய வுடு. சின்னதா ஒண்ணு இருக்கும்.
மேல தூக்கு. திருட்டுக்கோசரம் போட்டது.
சொல்லணும்னுதான் இருந்தேன்."

பருப்பளவு. விரலில் தட்டியது. தூக்கினேன்.
கலீல் பிளக்கை முடுக்கிக் குழாயை மாட்டும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை,
யாரும் போனை வைக்கவும் இல்லை.

இரண்டு சுற்று. மூன்றாவதில்
இருமி, குலுங்கி, பிடித்துக்கொண்டது.
புகைக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து போனது.
கலீல் கையைச் சுவரில் துடைத்துவிட்டுப்
பல் துலக்கப் போனான்.

போனைக் கன்னத்திலிருந்து எடுத்து
பானெட்டுப் பக்கமாகக் காட்டினேன்.
ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"டேப்பட்டு தட்டுது. பாத்துக்க."
"தெரியும்."
"பதினெட்டுதான்."
"இருபது."
ஐஸ் மிஷின் நின்றது.
"சங்கரா நல்லா வந்துருக்கு," என்றான்.
"சீக்கிரம் வா."